டைகரைக் கூப்பிடும் அங்கிள்

சுங்கை பினாங் அடுக்குமாடிகளுக்குக் கீழே மாலை ஆறரை மணிக்கு ஒரு குரல் கிளம்பும். "டைகர்! டேய் டைகர்! வாடா இங்க!" பாடகர் பி. ராம்லி 1929-இல் பிறந்த வட்டாரம் இது. குரல் வளத்துக்குக் குறைவில்லை. ஜெலுத்தோங் ரோட்டில் போகும் லோரிக்காரன்கூடத் திரும்பிப் பார்ப்பான். டைகர் மட்டும் பார்க்காது.

அங்கிளை உங்களுக்குத் தெரியும். கட்டம் போட்ட கைலி, தோளில் துண்டு, முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்த சங்கிலி. மறைத்திருப்பதாக அவர் நினைக்கிறார். நுனி கணுக்காலருகே ஆடிக்கொண்டிருக்கும். வேலையில் இருந்தபோது பத்துப் பேரை அதட்டியவர். ஓய்வுபெற்ற பிறகு அதட்ட மிச்சமிருப்பது டைகர்தான்.

டைகரும் ஒன்றும் காணாமல் போய்விடவில்லை. இருபதடி தூரத்தில், கால்வாய் ஓரமாக உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருக்கும். காது மந்தம் என்று சமாளிக்கவும் வழியில்லை. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு கடையைச் சாத்திவிடும். நாய்க்காதோ சுமார் 45,000 வரை கேட்கும்.

தமிழ் எடுபடாதபோது அங்கிள் ஆங்கிலத்துக்குத் தாவுவார். "டைகர், கம் ஹியர்!" அந்தப் பக்கமாக மலாய்க்காரக் குடும்பம் நடந்து வந்தால் அவசரம் கூடும். ஈர மூக்கு அவர்கள் மேல் பட்டுவிட்டால் மார்க்க முறைப்படி கழுவ வேண்டிவரும், பாவம். "மாரி சினி! மாரி!" கடைசியில், காப்பிக்கடைக்காரர் வேடிக்கை பார்க்கிறாரே என்று ஹொக்கியனிலும் ஒரு "லாய், லாய்!" பினாங்கின் நல்ல குடிமகன்தான். ஆனால் நாய்க்கு ஒரே சொல், அதுவும் ஒரே தடவை, என்பதுதான் பழக்குகிறவர்களின் பாலபாடம். நாலு மொழியில் நாற்பது தடவை கத்தினால், நாற்பத்தோராவது தடவைக்குக் காத்திருக்கலாம் என்று அது முடிவுகட்டிவிடும். அதற்குள் காப்பிக்கடைக்காரர் நாக்கை 'ச்ச்ச்' என்று தட்டி ஒரு மீன் உருண்டையை வீசுவார். டைகர் பறக்கும்.

பிசகு எங்கே என்பது தெருவுக்கே தெரியும். அங்கிள் கூப்பிடுவது மூன்று காரியத்துக்குத்தான்: குளிப்பாட்ட, சங்கிலி மாட்ட, கேட்டுக்குள் அடைக்க. தப்பித்தவறி டைகர் வந்துவிட்டாலோ, "எத்தன தடவ கூப்பிடுறது?" என்று மூக்கில் ஒரு தட்டு. பலன் இனித்தால் அந்தச் செய்கை திரும்ப வரும் என்று 1898-இல் உளவியலாளர் தார்ன்டைக் பூனைகளைப் பெட்டியில் அடைத்துப் பார்த்துச் சொன்னார். டைகரைக் கேட்டிருந்தால் பெட்டிச் செலவு மிச்சமாகியிருக்கும்.

ஆண்ட்டி கூப்பிடுவதே இல்லை. மாடிப்படியில் நின்று பிஸ்கட் டின்னை ஒரு குலுக்குக் குலுக்குவார், அவ்வளவுதான். அந்த டின் இதுவரை யாரையும் குளிப்பாட்டியதில்லை.

"லஞ்சம் கொடுத்துக் கூப்பிடுறது ஒரு கூப்பிடுறதாலா?" என்பது அங்கிளின் கட்சி. ஓய்வூதியம் நாலு நாள் தள்ளிப் போனால் தெருவே கிடுகிடுக்கப் பேசுகிறவர்தான் இதைச் சொல்கிறார்.

அன்பாகக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு "வாடா செல்லம்" என்றார். சொல் மட்டும் இனித்தால் போதாதே. 2016-இல் புடாபெஸ்டில் 13 நாய்களை ஸ்கேன் எந்திரத்துக்குள் அசையாமல் படுக்கவைத்து ஆராய்ந்தார்கள். பாராட்டும் சொல்லும் பாராட்டும் குரலும் சேர்ந்து வந்தபோதுதான் மூளையின் மகிழ்ச்சிப் பகுதி நன்றாகத் துலங்கியது. டைகர் எழுந்து இன்னும் பத்தடி தள்ளி உட்கார்ந்தது.

துரத்தினால் நாய்க்கு விளையாட்டு. திரும்பி எதிர்ப்பக்கம் ஓடினால் அதுவே பின்னால் வரும். ஆனால் காப்பிக்கடை முழுக்கப் பார்த்திருக்க, கைலியைப் பிடித்துக்கொண்டு நாய்க்கு முதுகு காட்டி ஓடுவதா? அங்கிள் நின்ற இடத்திலேயே நிற்பார்.

ஒன்று சொல்ல வேண்டும், அவர் கத்துவது வெறும் வீம்பில்லை. 2015 செப்டம்பரில் பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் கண்டுபிடிக்கப்பட்டு, தெருநாய்களைக் கொல்ல மாநில அரசு உத்தரவிட்ட நாள்களில், அந்தக் குரலில் அதட்டல் இல்லை. மாநகர் மன்ற லோரிச் சத்தம் கேட்டாலே தொண்டை கட்டியபடி தெருத்தெருவாக அலைந்தார். லைசென்ஸ் வில்லை பளபளக்கும் கழுத்துப்பட்டை அந்த வாரம் வாங்கியதுதான்.

கூப்பிட்டு டைகர் வந்ததே கிடையாதா என்று கேட்டால், 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவைச் சொல்வார். "ஆறு பொங்கி ரோட்டுக்கே வந்துடுச்சு. கும்மிருட்டு. மாடிப்படியில நின்னு ஒரே ஒரு சத்தம் கொடுத்தேன், டைகர்னு. நீந்தி வந்து என் கால்ல விழுந்துட்டான்லா!"

"சுத்தி இடுப்பளவு தண்ணி. வேற எங்கதான் போவான்?" என்பார் ஆண்ட்டி, உள்ளேயிருந்து.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு குட்டி நாயைக் கொண்டுவந்தான். எப்படிப் பழக்குவது என்று அங்கிளிடமே போய்க் கேட்டிருக்கிறான். "ரொம்ப ஈசிதான், தம்பி. எல்லாம் கொரல்ல இருக்கு," என்று தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றார் அங்கிள். குட்டி அப்போதே சோபாவுக்கு அடியில் போய்விட்டது.