ரெண்டு குவார்ட்டருக்குப் பத்து மில்லி கம்மி

எங்கள் பாகூர் பக்கம் ரத்த தான முகாம் என்றால் முதலில் வருவது பேனர். தலைவர் பிறந்த நாளோ நடிகர் பிறந்த நாளோ, பேனரில் நாற்பது முகம் சிரிக்கும். அவற்றில் ஒன்றிரண்டாவது உள்ளே கட்டிலில் படுத்திருந்தால் அது நல்ல முகாம்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒரு படிவம் தருவார்கள். வயது 18-லிருந்து 65 வரை, எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பதெல்லாம் சுலபம். "குடித்திருக்கிறீர்களா?" என்ற இடத்தில்தான் பேனா நிற்கும். புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை காலை முகாம் வைக்கிறவருக்கு மன தைரியம் அதிகம். அடுத்த சிக்கல், பச்சை. பச்சை குத்தி ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். நடிகரின் பெயரைப் போன மாதம்தான் கையில் குத்திக்கொண்ட பையனை, அதே நடிகரின் பிறந்த நாள் முகாமில் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கையாலேயே பேனரைக் கட்டியவன் அவன்.

பிறகு விரல் நுனியில் ஒரு குத்து. அந்தச் சொட்டை நீல நிறக் காப்பர் சல்பேட் கரைசலில் விடுவார்கள். ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருந்தால் சொட்டு முழுகும், இல்லாவிட்டால் மிதக்கும். வாழ்க்கையில் முழுகினால் பாஸ் போடுகிற ஒரே பரீட்சை இதுதான். வில்லியனூர் தேர்வடத்தை முன்வரிசையில் பிடிக்கிற எங்கள் மாமாவின் சொட்டு ஜம்மென்று மிதந்தது. நடவு முடித்துவிட்டு நேராக வந்த சித்தியின் சொட்டு கல் மாதிரி இறங்கியது. மாமா அன்றைக்கெல்லாம் அந்தத் திரவத்தின் தரத்தைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார்.

எடுப்பது 350 மில்லி. எங்கள் ஊர்க் கணக்கில், ரெண்டு குவார்ட்டருக்குப் பத்து மில்லி கம்மி. பத்து நிமிடம்கூட ஆகாது. ஜூஸ், பிஸ்கட், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். இழந்த நீர் ஓரிரு நாளில் ஊறிவிடும். ஆனால் வீட்டு வைத்தியம் முடிய மாதக் கணக்காகும். முருங்கைக்கீரை, பீட்ரூட், ஆட்டு ஈரல், கடைசியாகச் சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல். ஆண்கள் மறுபடி கொடுக்கத் தொண்ணூறு நாள், பெண்கள் நூற்றிருபது நாள் பொறுக்க வேண்டும். எனக்கென்னவோ அது சுவரொட்டி தீருவதற்கான அவகாசமாகத்தான் படுகிறது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆயா கேட்டது, "எவ்ளோ குடுத்தான்?" ஆயாவைச் சொல்லிக் குற்றமில்லை. ரத்தம் விற்றுப் பிழைத்தவர்கள் இருந்த காலத்தைப் பார்த்தவர். 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி முதல் தேதியோடு அந்த வியாபாரத்துக்குத் தடை வந்தது. அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள்தான் கதி. ஜிப்மரில் ஒருவர் படுத்தால் பார்க்க வேன் வைத்துப் போகிறோம். "ரத்தம் வேணுமாம்" என்றதும் வேனில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வந்துவிடும். மாத்திரையில் கட்டுக்குள் இருந்தால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்வார். உடனே அது இன்சுலின் சர்க்கரையாக மாறும்.

மழைக்காலத்தில் டெங்கு வந்தால் வேறு கதை. பப்பாளி இலைச் சாறு ஒரு பக்கம் ஓடும். ரத்தக்கசிவு உள்ளவருக்கு டாக்டர் பிளேட்லெட் கேட்பார். அதை ரொம்ப நாள் சேமித்து வைக்க முடியாது. 22 டிகிரியில் ஆட்டிக்கொண்டே இருந்தாலும் ஐந்தே நாள்தான் தாங்கும். அதனால் ஆளைத்தான் கூப்பிட வேண்டும். மூன்று நாளாக ஆஸ்பிரின் போட்டிருக்கக் கூடாது, நரம்பு தடியாக இருக்க வேண்டும். எதற்கும் உதவாத என் கையைத் தட்டிப் பார்த்து "அருமையான வெயின்" என்றார் ஒரு நர்ஸ். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

மெஷின் ரத்தத்தை இழுத்துச் சுழற்றி, பிளேட்லெட்டை மட்டும் பையில் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பி ஏற்றும். ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட்டால் உதடு குறுகுறுக்கும். சொன்னால் கால்சியம் மாத்திரை தருவார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கொடுக்கலாம்.

இதையெல்லாம் ஆயாவிடம் விளக்கினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "எடுத்ததைத் திருப்பிக் குடுத்துட்டான்னா, நீ என்னாத்தடா குடுத்த?" என்றார்.

அன்றைக்குச் சுவரொட்டி கிடையாது. ரசம்தான்.