ஐஜேஎன் அண்ணன்

பத்து பெரண்டாமில் எந்தத் தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்குக் காலையில் போனாலும் ஐஜேஎன் அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கோலாலம்பூரில் 1992-இல் தொடங்கிய தேசிய இருதயக் கழகத்தில் (ஐஜேஎன்) ஸ்டெண்ட் வைத்துத் திரும்பியவர். ஊர், பேர், தோட்டம் எல்லாம் பிறகுதான். "நாம ஐஜேஎன்" என்பதே முதல் அறிமுகம்.

அந்த மேசையில் மரியாதையெல்லாம் ஸ்டெண்ட் கணக்கில் நடக்கும். ஒன்று வைத்தவர் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு வைத்தவர் இடையில் பேசலாம். மூன்று வைத்தவர் வாயைத் திறந்தால் ரொட்டி சானாய் ஆறிப்போகும். பைபாஸ்காரர் வந்துவிட்டாலோ, மூன்றே எழுந்து நாற்காலி போடும்.

சட்டைப்பையில் பேனா இருந்த இடத்தில் இப்போது மாத்திரை அட்டை. அஸ்பிரின் 100 மில்லிகிராம், குளோபிடோக்ரெல் 75. விழுங்குவதற்கு முன் சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார். "என்ன மாத்திரை அண்ணே?" என்று யாராவது கேட்டுத் தொலைத்தால் அன்றைக்கு வேலைக்குத் தாமதம்தான்.

"தம்பி, ரப்பர் மரத்து மங்குல பால் விழுந்ததும் சும்மா விட்டா என்னாகும்? கட்டிப்பாலாயிரும். ஸ்டோருக்குப் போறவரைக்கும் உறையாம இருக்க ரெண்டு சொட்டு அமோனியா விடுவோம்ல? அந்த அமோனியாதான் இது."

பால்மரத்தைப் படத்தில் மட்டும் பார்த்த தம்பியும் தலையாட்டுவான். விளக்கத்தில் பெரிய பழுதில்லை. ரத்தம் நீர்த்துப்போவதில்லை, தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் குணம்தான் குறைகிறது. அஸ்பிரின் பட்ட தட்டணு, ஏழு முதல் பத்து நாள் வரையுள்ள தன் ஆயுளில் பழையபடி ஒட்டாது. அஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்பதை 1971-இல் கண்டுசொன்ன ஜான் வேனுக்கு 1982-இல்தான் நோபல் பரிசு கிடைத்தது. தோட்டத்தில் வந்து கேட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும் என்பது அண்ணன் கட்சி.

கையில் நீலமாய்க் கன்றிய இடங்களைக் காட்டவென்றே அரைக்கைச் சட்டை போடுவார். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலையில் அலகு குத்தப்போவதாகக் கிளம்பியவரை அண்ணி ஒரே வார்த்தையில் நிறுத்தினார்: "பால்குடம்." டாக்டரிடம் கேட்டிருந்தாலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கமாட்டார்.

இத்தனை விவரம் தெரிந்தவரின் அட்டையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். குளோபிடோக்ரெல் வரிசை பத்து நாளாக அப்படியே இருக்கும். "நெஞ்சு வலிக்கல, எதுக்கு ரெண்டு?" மாரடைப்புக்கு ஸ்டெண்ட் வைத்தவர்களை வழக்கமாக ஓராண்டுக்கு இரண்டையும் போடச் சொல்வார்கள். நடுவில் தன்னிஷ்டத்துக்கு நிறுத்தினால் ஸ்டெண்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மறுபடி மாரடைப்பு வரலாம். அமோனியா விடாத மங்கு என்னாகும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் இவர்தான்!

அஸ்பிரினை அடுத்தவருக்குக் கொடுப்பதில் மட்டும் தாராளம். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி வாங்கியதுதானே? காய்ச்சலா, தலைவலியா, உடனே ஒன்றைப் பிய்த்து நீட்டுவார். வந்திருப்பது டிங்கியாக இருந்தால் தட்டணு ஏற்கெனவே சரிந்துகொண்டிருக்கும். அதன்மேல் அஸ்பிரினும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து.

ஆகவே, அண்ணன் வாங்கித்தரும் தே தாரிக்கை மறுக்காமல் குடியுங்கள். மாத்திரையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "இன்னைக்கு உள்ள ரெண்டையும் போட்டாச்சா அண்ணே?" என்று பைபாஸ்காரர் காதில் விழும்படி கேளுங்கள்.