ஆளில்லா ஆதி ஜெட்: வாட்-இஃப் மாடலுக்கு ஒரு சிற்றுரை

பிளாஸ்டிக் கிட் ஒட்டுவோர் இரு சமயத்தார். நடந்ததை நடந்தபடியே 1/72 அளவில் ஒட்டுவோர் ஒரு சாரார். நடக்காததை நடந்ததுபோல் ஒட்டுவோர் மறு சாரார். இவர்கள் செய்வதற்கு வாட்-இஃப் என்று பெயர். முன்னவர் சரித்திரத்துக்குக் கட்டுப்பட்டவர், பின்னவர் அவிழ்த்துவிடப்பட்டவர் என்று ஊரார் நினைக்கிறார்கள். அது பிழை. சரித்திரத்தை ஒட்டுபவர், ‘அப்படித்தான் இருந்தது’ என்று ஒரு போட்டோவைக் காட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போகலாம். வாட்-இஃப்காரர் ஒவ்வொரு திருகாணிக்கும் காரணம் சொல்லியாக வேண்டும். அந்தப் பாரத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

எடுத்துக்கொண்ட விமானம் குளோஸ்டர் இ.28/39. பிரிட்டனின் முதல் ஜெட். 1941 மே 15 அன்று மாலை, கிரான்வெல் ஓடுபாதையிலிருந்து ஜெர்ரி சேயர் இதை 17 நிமிடம் ஓட்டினார். ஃபிராங்க் விட்டிலின் எஞ்சின், 860 பவுண்டு உந்துவிசை. கட்டியவை மொத்தம் இரண்டு. 1/72-இல் இறக்கையின் முனைக்கு முனை 12 செ.மீ.க்குச் சற்று மேல்; உள்ளங்கையில் உட்காரும். இதைப் பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகும் இலக்கு விமானமாக, அதாவது டிரோனாக, மாற்ற வேண்டும் என்பது கோரிக்கை.

நாட்டிலேயே இருப்பது இரண்டு ஜெட். அதிலொன்றைச் சுட்டுப் பழகக் கொடுப்பார்களா எனின், கொடுப்பார்கள் என்க. பிரிட்டிஷார் 1935-லேயே குயின் பீ என்ற இருதள விமானத்தை ஆளில்லாமல் பறக்கவிட்டு, தங்கள் கடற்படையே அதைச் சுடும்படி செய்தார்கள். தரையிலிருந்து அதை ஆட்டிவைத்த கருவியில் இருந்தது டெலிபோன் டயல். டயலைச் சுழற்றினால் விமானம் திரும்பும். ராங் நம்பர் விழுந்தால் என்ன ஆகும் என்பதை உரையாசிரியர்கள் விளக்காமல் விட்டனர். ஆக, நம் மாடலுக்கு அருகில் ஒரு மேசை, ஒரு டயல், ஓர் ஆபரேட்டர் பொம்மை வைத்தால் பாதி நியாயம் கிடைத்துவிடும். மீதிப் பாதியை மீட்டியார் தருகிறது. பிரிட்டனின் முதல் போர் ஜெட்டான அதைப் பிற்காலத்தில் யு.15, யு.16 என்று டிரோன்களாக மாற்றி, வேல்ஸின் லான்பெடரிலும் ஆஸ்திரேலியாவின் வூமெராவிலும் ஏவுகணைகளுக்கு இரையாக்கினார்கள். வாட்-இஃப்காரர் இதைப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னுக்குத் தள்ளுகிறார், அவ்வளவே.

இனிச் செய்முறை. மூக்குச் சக்கரம் உள்ள கிட் எல்லாவற்றுக்கும் ஒரு வியாதி உண்டு: மூக்கில் கனம் வைக்காவிட்டால் வாலில் உட்கார்ந்துவிடும். மற்ற விமானங்களில் மூக்குக்குள் தூண்டில் ஈயக்குண்டைத் திணித்து ஒட்டிவிடலாம். இ.28/39-இன் மூக்கோ காற்று உள்ளே போகும் வாய். உள்ளே போன காற்று இரண்டாகப் பிரிந்து, பைலட்டின் இருபுறமும் ஓடிப் பின்னால் எஞ்சினைச் சேரும். ஆகவே ஈயத்தைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, காக்பிட் தரைக்கு அடியில் ஒளிக்க வேண்டும். உடலின் இரு பாதிகளையும் ஒட்டுவதற்குமுன் செல்லோடேப்பால் சேர்த்து, சக்கரத்தில் நிறுத்திப் பார்ப்பது புத்தி. ஒட்டியபின் அது மூக்கைத் தூக்கினால் கைவசம் இருக்கும் மருந்து ஒன்றுதான்: வால் பக்கம் ஒரு முட்டு கொடுத்து, ‘பராமரிப்பில் உள்ளது’ என்று சொல்லிக்கொள்வது.

ரேடியோ ஆன்டெனாவுக்குக் கடைக்குப் போக வேண்டாம். பாகங்களைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டு ஒடித்து, மெழுகுவத்திச் சுடருக்குச் சற்று மேலே உருட்டிக்கொண்டே காட்டுக. நடுப்பகுதி பளபளத்துத் தொய்யும். அப்போது வெளியே எடுத்து, ஒரு மூச்சு பொறுத்து இழுத்தால் தலைமுடிபோல் நீளும். முந்தினால் ஒடியும், பிந்தினால் தீப்பிடிக்கும், வீட்டில் விசாரணை நடக்கும்.

காக்பிட்டில் இருக்கையைப் பிடுங்குவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பிடுங்கலாகாது என்பதே இவ்வுரையின் துணிபு. குயின் பீயிலும் மீட்டியார் டிரோன்களிலும் ஆள் உட்கார இடம் இருந்தது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக ஆள் வேண்டுமே. சுடக் கொடுக்கும்போது இருக்கை காலி என்பதால், பைலட் பொம்மைக்கு முகம் வரையும் வேலை மிச்சம். வாட்-இஃப்காரர்கள் டிரோனை நாடுவதற்கு இதுவே உண்மையான காரணம் என்பாரும் உளர்.

வண்ணத்தில் சரித்திரமே கைகொடுக்கிறது. சோதனை விமானம் என்பதால் இ.28/39-இன் அடிப்புறம் முன்பே மஞ்சள். அதன்மேல் கறுப்புச் சாய்கோடுகள் போட்டால், இலக்கை இழுத்துச் செல்லும் விமானங்களுக்கு அக்காலத்தில் விதித்த கோலம் வந்துவிடும். மஞ்சளுக்குக் கீழே வெள்ளை ப்ரைமர் அவசியம். சாம்பல் பிளாஸ்டிக்மேல் நேரே அடித்தால் பச்சை தட்டும். பதிவெண்ணின் கடைசியில் ‘/ஜி’ என்ற குறி உண்டு: எப்போதும் காவல் போட வேண்டிய விமானம் என்று பொருள். சுடுவதற்கென்றே அனுப்பும் விமானத்திலும் அந்தக் குறியை விடாமல் ஒட்டுக. ராணுவ அலுவலகங்களை அறிந்தவர் எவரும் கேள்வி கேட்க மாட்டார்.

இவ்வளவும் செய்தபின் ஒரு சங்கடம். 1943 ஜூலை 30 அன்று, இரண்டாவது இ.28/39-இன் இறக்கைக் கட்டுப்பாடு உயரத்தில் சிக்கிக்கொண்டது. ஓட்டிய டக்ளஸ் டேவி பாராசூட்டில் தப்பினார். அவர் வெளியேறிய கணம் முதல் தரையில் மோதிய கணம் வரை அது ஆளில்லா ஜெட்டாகவே இருந்தது. எனவே நம் மாடல் வாட்-இஃப்தானா, வெறும் சரித்திரம்தானா என்று எதிர்ச்சமயத்தார் வழக்காடலாம்.

அமெரிக்கர்கள் இன்னும் மோசம். அவர்களின் முதல் ஜெட் பெல் பி-59. 1942-இல் மியூராக் பாலைவனத்தில் ரகசியம் காக்க, தரையில் நிற்கும்போதெல்லாம் அதன் மூக்கில் ஒரு மர புரொபெல்லரை மாட்டிவைத்தார்கள். பிறகு ஒரு பி-59-ஐ டிரோனாக்கி ‘ரிலக்டன்ட் ரோபோ’ என்று பெயரிட்டார்கள். கூடப் பறந்து அதை ஆட்டிவைப்பவர் உட்கார, இன்னொரு பி-59-இன் மூக்கில் பள்ளம் வெட்டித் திறந்த காக்பிட் அமைத்தார்கள். ஒரு வாட்-இஃப்காரர் இதைச் செய்திருந்தால், ‘ஜெட்டில் திறந்த காக்பிட்டா?’ என்று நடுவர் சிரித்து மார்க்கைக் குறைத்திருப்பார்.

ஆகவே கற்பனை வற்றியவர்களுக்கு ஒரு கருப்பொருள் சொல்லி முடிக்கலாம். 1956 ஆகஸ்ட் 16, கலிஃபோர்னியா. கடற்படையின் ஹெல்கேட் டிரோன் ஒன்று சொன்ன பேச்சு கேளாமல் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் திரும்பியது. இரண்டு எஃப்-89 ஸ்கார்ப்பியன் ஜெட்கள் துரத்தின. ஆளுக்கு 104 ராக்கெட். 208-ஐயும் ஏவித் தீர்த்தார்கள். புதர்க்காடுகள் எரிந்தன, வீடுகள் சேதப்பட்டன. பெட்ரோல் தீர்ந்ததும் டிரோன் தானாகவே பாம்டேலுக்கு அருகே பாலைவனத்தில் இறங்கி, போகிற போக்கில் மின்கம்பிகளையும் அறுத்தது. இதை மாடலாக்குவோர் ஸ்கார்ப்பியன்களின் இறக்கை முனைகளில் உள்ள ராக்கெட் குழல்களைக் காலியாகக் காட்டுக. ஹெல்கேட்டில் ஓர் ஓட்டைகூடப் போடலாகாது.