குப்பை சிறுத்தாலும்…

எருக்குவியல் எவ்வளவு சிறியதோ, அதைப் பற்றிய பேச்சு அவ்வளவு பெரிது. எங்கள் பால்கனியில் இருப்பது மூன்றே மண்பானைகள், ஒன்றின் தலையில் ஒன்று. உள்ளே போவது மூன்று பேர் தின்ற மிச்சம். ஆனால் ஆபீஸிலிருந்து வந்ததும் இவர் முதலில் நலம் விசாரிப்பது அந்தப் பானையைத்தான். மூடியைத் திறந்து, ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பார்த்து, "இன்னிக்கு ஈரம் கொஞ்சம் தூக்கல்" என்பார். என் ரசத்தைப் பற்றி இத்தனை அக்கறையாக ஒரு வார்த்தை வந்ததில்லை.

எல்லாம் அந்த முப்பதுக்கு ஒன்று கணக்கால் வந்த வினை. குப்பையை மட்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குக் கரிமம் முப்பது பங்கும் தழைச்சத்து ஒரு பங்கும் கிடைத்தால் சௌகரியமாம். காய்ந்த சருகில் கரிமம், காய்கறித் தோலில் தழைச்சத்து. இது தெரிந்த நாளிலிருந்து, பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கா பானைக்கா என்பதைச் சபை கூட்டித்தான் முடிவு செய்கிறோம். துவையல் தோற்ற நாட்களே அதிகம்.

நான்காவது மாடியில் சருகுக்கு எங்கே போவது? தென்னைநார்க் கழிவைச் செங்கல் மாதிரி அமுக்கி விற்கிறார்கள், அதை வாங்குகிறோம். நம் குப்பையை ஒழிக்க அடுத்த ஊர்க் குப்பையைக் காசு கொடுத்து வாங்குகிற சாமர்த்தியம் பட்டணத்துக்காரர்களுக்கு மட்டும்தான் உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் அது கயிறு ஆலைகளின் ஓரம் மலையாய்க் குவிந்து கிடக்கும். அதில் கரிமம் நூறு பங்குக்கும் மேல், லேசில் மட்காது. அதற்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஒரு வைத்தியம் சொல்லியிருக்கிறது. டன்னுக்கு 5 கிலோ யூரியா, கூடவே சிப்பிக்காளான் வித்து. இரண்டையும் அடுக்கடுக்காகத் தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் கறுத்து எருவாகிவிடும்.

திண்டிவனம் பக்கத்திலிருந்து மாமனார் வந்திருந்தார். அவர் வீட்டு எருக்குழி மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறது. சாணி, கோமியத்தில் ஊறிய வைக்கோல், அடுப்புச் சாம்பல், வாசல் கூட்டிய குப்பை எல்லாம் அதில் போய் விழும். கோடையில் வண்டியில் அள்ளி நிலத்துக்கு அடிப்பார்கள். மற்றபடி அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

பானையைச் சுற்றிச் சுற்றி வந்தவர், "ஏம்பா, வருஷத்துக்கு எவ்வளவு தேறும்?" என்றார்.

"அம்பது கிலோ தேறும்ப்பா" என்றார் இவர், பெருமையாக.

"ஏக்கருக்கு அஞ்சு டன் போடணும்." மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். "நூறு வருஷம். பரவால்ல, பேரன் இருக்கான்."

அவரைச் சமாதானப்படுத்த, ஆல்பர்ட் ஹோவர்டின் கதையைச் சொன்னேன். இந்தூரில் இருந்துகொண்டு சாணியையும் பயிர்க் கழிவையும் அடுக்கிப் புரட்டி எருவாக்கும் முறையை வகுத்து, 1931-ல் புத்தகமாகவே போட்ட வெள்ளைக்காரர். நம் குடியானவர்களையும் பயிரைத் தின்னும் பூச்சிகளையும் தன் பேராசிரியர்கள் என்று சொன்னவர். மாமனாருக்குப் பேராசிரியர் பட்டத்தில் சந்தோஷம்தான். பூச்சியோடு சேர்த்துக் கொடுத்ததில்தான் கொஞ்சம் வருத்தம்.

பெரிய அளவு என்றால் என்னவென்று நாங்கள் பார்த்தது, உறவுக்காரர் ஒருவர் வேலை பார்க்கும் சர்க்கரை ஆலையில். கரும்புச்சாற்றை வடிகட்டியபின் மிஞ்சும் பிரஸ்மட்டை, ரயில் நிற்பதுபோல நீள நீளமான வரிசைகளாகக் கொட்டியிருந்தார்கள். சாராய ஆலையின் கழிவுநீரை அதன்மேல் தெளிக்க, வரிசைக்கு இருபுறமும் கால் பரப்பியபடி ஒரு இயந்திரம் புரட்டிக்கொண்டே நகர்ந்தது. புரட்டிய இடமெல்லாம் ஆவி. உள்ளே சூடு அறுபது டிகிரியைத் தொடும், களைவிதையும் நோய்க்கிருமியும் அதில் வெந்துபோகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது இருந்தால்தான் குவியலுக்குள் அந்தச் சூடு தங்கும். இவர் தன் பானைக்குள் செருகி வைத்திருக்கும் தெர்மாமீட்டர் வருஷம் முழுக்க பால்கனியின் வெயிலைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது.

இயந்திரத்தை ஓட்டியவரிடம் இவர் விடாமல் முப்பதுக்கு ஒன்று கணக்கைக் கேட்டார். அவர் காதிலிருந்து பாட்டைக் கழற்றி, "சூடு வந்தா சரி சார், வரலேன்னா இன்னொருக்கா பொரட்டுவோம்" என்று சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். திரும்பி வரும்போது காரில் இவர் வெகுநேரம் பேசவில்லை.

இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது எங்கள் அடுக்ககச் சங்கம். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்கள், மட்கும் குப்பையைக் கூடியவரை தங்கள் வளாகத்திலேயே கவனித்துக்கொள்ள வேண்டும் என்று 2016-ல் விதி வந்தது. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் தொட்டி கட்டினோம். அதில் கறுப்பாய்ப் புழு நெளிந்ததும் வாட்ஸ்அப்பே நடுங்கியது. அது பிளாக் சோல்ஜர் ஈயின் புழு, கோழித் தீவனத்துக்காக இதைக் கூண்டு கட்டி வளர்த்து விற்கிறார்கள் என்று நான் எழுதினேன். கோழி யார் வீட்டில் இருக்கிறது என்று உடனே இன்னொரு விசாரணை கிளம்பியது.

எருவை வெளியே விற்றால் பராமரிப்புச் செலவு குறையுமே என்ற யோசனையும் வந்தது. அதற்கு 1985-ம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. நகரக் குப்பை எரு கரும்பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கவேண்டும், தொண்ணூறு சதவீதம் 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கவேண்டும், துர்நாற்றம் கூடாது. நிறத்தையும் சல்லடையையும் சங்கம் ஐந்து நிமிடத்தில் நிறைவேற்றிவிட்டது. மூன்றாவதற்கு, முகர்ந்து பார்க்க ஐவர் குழு அமைத்திருக்கிறார்கள். தலைவர் பதவிக்கு இவரும், சைனஸ் தொல்லை உள்ள செயலாளரும் போட்டியிடுகிறார்கள்.