மசால் வடையும் மதுரை எலியும்: ஓர் ஓட்டை ஆய்வு

சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த மதுரையில் ஆராயாமல் விட்ட பொருள் இல்லை என்பார்கள். நள்ளிரவு ஒரு மணிக்கு அடுப்படிப் பரணில் கேட்கும் 'கரக் கரக்' மட்டும் ஏனோ விடுபட்டுப் போயிற்று. அக்குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களம்: நான்கு மாசி வீதிகளும் அவற்றை ஒட்டிய சந்துகளும். காலம்: விளக்கணைத்தது முதல் பால்காரர் வரும் வரை.

முதலில் இலக்கியச் சான்று. குறுந்தொகையின் 107-ஆம் பாட்டு மதுரைக் கண்ணனார் பாடியது. தலைவன் வந்து சேர்ந்திருக்கும் இரவில் சேவல் கூவித் தலைவியை எழுப்பிவிடுகிறது. நடுச்சாமத்தில் வீட்டெலியைத் தேடும் காட்டுப்பூனைக் குட்டிக்கு நீ இரையாகிப் போ என்று அவள் சேவலைச் சபிக்கிறாள். உரையாசிரியர்கள் இதில் காதலைக் கண்டார்கள். ஆய்வாளர் காண்பது வேறு. அந்த வீட்டில் எலி இருந்திருக்கிறது. இருப்பது தலைவிக்கும் தெரிந்திருக்கிறது. பூனைக்குப் போக வேண்டிய எலி தப்பித்து, சேவல் மாட்டிக்கொண்டது. மதுரையில் எலி விஷயத்தில் நடவடிக்கை தவறான இடத்தில் பாய்வது அன்றே தொடங்கிவிட்டது.

வள்ளுவரிடமும் ஒரு வழி இருக்கிறது. திருக்குறள் அரங்கேறியது பொற்றாமரைக் குளத்தில் என்பது இவ்வூர் நம்பிக்கை. அதன் 763-ஆம் குறள், எலிகள் கடல்போலத் திரண்டு இரைந்தாலும் நாகம் ஒன்று மூச்சுவிட்டால் தீர்ந்தது என்கிறது. அவர் சொன்னது படையைப் பற்றி. வீட்டுக்கும் இது பொருந்தும்தான். ஆனால் எலி போன பிறகு நாகத்தை எப்படி வெளியேற்றுவது என்பதற்கு 133 அதிகாரங்களில் ஓர் அதிகாரமும் இல்லை.

இனி வகைப்பாடு. அலமாரியில் துணியையும் காகிதத்தையும் குதறுவது சுண்டெலி. பரணிலும் ஓட்டுக் கூரையிலும் கேபிள் வயரிலும் வித்தை காட்டுவது வீட்டெலி. சாக்கடை ஓரம் வளை தோண்டி, பூனையையே முறைத்துப் பார்ப்பது பெருச்சாளி. பெருச்சாளியை ஆங்கிலேயர் 'பாண்டிகூட்' என்றது தெலுங்கின் 'பந்திகொக்கு' என்ற சொல்லிலிருந்து. பன்றியெலி என்று பொருள். நேரில் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

நீண்ட மூக்கோடு சுவரோரமாகக் 'கீச்' என்று ஓடும் மூஞ்சூறு இந்தப் பட்டியலில் வராது. அது எலியே அல்ல. கொறிக்கும் இனத்தைச் சேராத பூச்சித்தின்னி. கரப்பான் பூச்சிக்குத்தான் எமன். எலிக்கு வைத்த பொறியில் அது விழுந்தால் கரப்பானுக்குக் கொண்டாட்டம், பிள்ளையாருக்கு வாகன இழப்பு.

பிள்ளையார் பேச்சு வந்ததால் இதையும் பதிவு செய்ய வேண்டும். வண்டியூர்த் தெப்பக்குளம் தோண்டியபோது கிடைத்தவர் என்று சொல்லப்படும் முக்குறுணி விநாயகருக்கு, மீனாட்சி கோயிலில் சதுர்த்தி அன்று 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை படைக்கிறார்கள். அதே நாளில் அதே ஊரில் மளிகைக் கடைக்காரர் எலிப்பொறி வாங்குகிறார். முதலாளிக்குக் கொழுக்கட்டை, வாகனத்துக்குக் கூண்டு. இதில் முரண்பாடு இருப்பதாக மதுரைக்காரர் யாரும் கருதுவதில்லை.

விளையாட்டுப் பேச்சு ஒரு பத்திக்கு நிற்கட்டும். இன்று தேனி மாவட்டத்தில் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கு அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. பிளேக் அங்கே விடாமல் தலைகாட்டியதால், எலிகளையும் அவற்றின் மேலிருந்த தெள்ளுப்பூச்சிகளையும் அறிஞர்கள் ஆராய்ந்து 1934-இல் அறிக்கை வெளியிட்டார்கள். எலியிலிருந்து மனிதனுக்குப் பிளேக்கைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்று 1898-இலேயே பால் லூயி சிமோன் கண்டு சொல்லியிருந்தார். இன்றைய அச்சம் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் காலின் சிறு புண் பட்டாலே போதும். எலிக்கு வைக்கும் மருந்தும் லேசுப்பட்டதல்ல. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் வைத்த எலி மருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். ஆகவே மருந்து இவ்வாய்வின் பரிந்துரையில் இல்லை.

எஞ்சுவது பொறி. பொறி என்றால் மசால் வடை. இதைப் பருப்பு வடை என்பதா, ஆமவடை என்பதா என்ற பெயர்ச் சிக்கலை எலிகள் என்றுமே எழுப்பியதில்லை. பாலாடைக் கட்டிக்கு எலி உயிரை விடும் என்பது மேல்நாட்டுப் படக்கதைகளின் கண்டுபிடிப்பு. தானியமும் பருப்பும் எண்ணெயும்தான் அதற்கு இஷ்டம்; சோம்பும் வெங்காயமும் வாசனைக்கு. மாலை நாலு மணிக்கு டீக்கடையில் இரண்டு வடை வாங்கினால், வீட்டுக்கு வரும்போது ஒன்றரை இருக்கும்; கூண்டில் மாட்டும்போது கால். முதல் நாள் அதுவும் வீண். வீட்டெலி புதுப் பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கியே போகும். அனுபவசாலிகள் கூண்டைத் திறந்தபடியே இரண்டு நாள் வைத்துவிட்டுப் பிறகுதான் கொக்கியைப் பூட்டுவார்கள். சுண்டெலிக்கு அந்த நிதானம் கிடையாது. புதிது என்றால் முதலில் வந்து மோந்து பார்ப்பது அதுதான்.

மாட்டியதைக் கொல்ல மனம் வராதவர்கள் கூண்டோடு அடுத்த தெருக் காலிமனைக்கு நடப்பார்கள். அங்கே அந்தத் தெருக்காரர் ஒருவர் தம் கூண்டோடு எதிரே வருவார். இந்தப் பண்டமாற்றில் மதுரையின் மொத்த எலிக் கணக்கு குறைவதில்லை.

முன்னோர்கள் எலியைத் துரத்துவதைவிட எட்டாமல் வைப்பதில்தான் புத்தியைச் செலவிட்டிருக்கிறார்கள். மேலூர், சோழவந்தான் பக்கம் நெல் விளைவித்தவர்களின் வீடுகளில் அதைக் கொட்டி வைக்கக் குலுக்கை இருந்தது. மேல்வாயை மூடி மெழுகிவிட்டு, அடியில் உள்ள சிறு துளையைத் துணி வைத்து அடைத்துவிடுவார்கள். தயிருக்கும் நெய்க்கும் உறி. நடுவீட்டில் அந்தரத்தில் தொங்கும் பானைக்குச் சுவர் ஏறி வர வழியில்லை. குலுக்கையும் உறியும் போய் மாடுலர் கிச்சன் வந்தது. அதன் இழுப்பறைகளுக்குப் பின்னால், குழாய்க்காக வெட்டி மூடாமல் விட்ட இடைவெளியில், எலி சுகமாகக் குடியிருக்கிறது.

ஆய்வின் முடிவு இதுதான். வடைக்குச் செலவிட்ட கவனத்தில் பாதியைக்கூட யாரும் ஓட்டைக்குச் செலவிடவில்லை. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும், பெரிய எலிக்கு 12. வெட்டுப்பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் மரமும் பிளாஸ்டிக்கும் அதற்குத் தடையல்ல. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்டு பூச வேண்டும். சாக்கடைக் குழாய்க்குக் கம்பி வலை, கதவின் அடியில் தகடு. சுவரோடு சுவர் ஒட்டிய மாசி வீதி வீடுகளில் இதைப் பக்கத்து வீட்டாரும் சேர்ந்து செய்ய வேண்டும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்ற பழமொழி வழி உண்டு. ஆனால் ஒருமுறை எரிந்த ஊரில் அதைப் பரிந்துரைக்க ஆய்வாளருக்குத் தைரியமில்லை.

வாசகர்கள் இன்றிரவே ஒரு பென்சிலை எடுத்து வாசல் கதவின் அடியில் நுழைத்துப் பார்க்கலாம். பென்சில் நுழைந்தால் சுண்டெலியும் நுழையும். நுழையாவிட்டால் அந்த வடையைத் தாங்களே சாப்பிட்டுவிடலாம்.