விடைக்குறிப்பு இல்லாத காலத்து வினாக்கள்

பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு முழுக்கக் கொள்குறி வகைக்கு மாறியது 2003-ல். அதற்கு முந்தைய ஆண்டுகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளில் விரித்து எழுதவேண்டிய ஐந்து மதிப்பெண் கேள்விகள் முக்கியப் பங்கு வகித்தன. மாறிய பிறகு மூன்று மணி நேரத்தில் 90 கேள்வி, 150 மதிப்பெண் என்று ஆனது. ஒரு கேள்விக்கு இரண்டே நிமிடம். ஹெச்.பி. பென்சிலால் ஒரு வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டியதுதான்.

அந்த மாற்றம் வந்த சூட்டோடுதான் நாங்கள் மதுரையில் பொறியியல் கடைசி ஆண்டு படித்துக்கொண்டே தேர்வுக்குத் தயாரானோம். தேர்வு புதியது, கையில் இருந்த வினாத்தாள்கள் பழையவை. வட்டத்தைக் கருப்பாக்கும் தேர்வுக்கு, 'நிரூபி', 'வரைந்து காட்டு', 'காரணம் கூறு' என்று கேட்கும் தாள்களை வைத்துக்கொண்டு பயிற்சி எடுத்தோம். அது எங்களுக்கு வாய்த்த பெரும் பேறு என்று இன்று ஒரு கல்லூரி ஆசிரியனாக நின்று சொல்கிறேன்.

அந்தத் தாள்கள் சீனியர் அண்ணன் ஒருவர் ஹாஸ்டலைக் காலி செய்யும்போது விட்டுப்போன ஜெராக்ஸ் கட்டு. அவருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது. நகலின் நகலின் நகல் என்பதால் அடுக்குக்குறியில் இருப்பது 2-ஆ, எழுத்து n-ஆ என்பதையே கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். விடை என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. புதுமண்டபத்துப் புத்தகக் கடைகளில் பல்கலைக்கழகத் தேர்வுக்கான கைடுகள் அடுக்கடுக்காக இருக்கும். கேட் தேர்வுக்கு எங்களுக்குத் தோதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

பாடநூல்களை ஆசிரியர் பெயரால்தான் அழைப்போம். ஓ.எஸ். என்றால் கால்வின், டேட்டாபேஸ் என்றால் கோர்த், நெட்வொர்க் என்றால் டானன்பாம், ஆட்டோமேட்டா என்றால் ஹாப்கிராஃப்ட்-உல்மன், அல்காரிதம் என்றால் கார்மென். கல்லூரி நூலகத்தில் இவற்றில் பலவும் 'ரெஃபரன்ஸ்' முத்திரை குத்தி வெளியே கொண்டுபோக முடியாதவையாக இருந்தன. எனவே நூலகத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு, வகுப்பு முடிந்த சாயங்காலங்களில் ஆளில்லாத வகுப்பறைக் கரும்பலகையில் கேள்விகளைப் போட்டோம். விடை சரியா என்று சொல்ல ஆள் இல்லை. ஆகவே சரி என்று நிலைநாட்டும் பொறுப்பும் எங்களுடையதாயிற்று. ஒருவன் போட்டுக் காட்டுவான், மற்றவன் ஓட்டை தேடுவான். ஓட்டை தேடுகிறவன் வாயடைத்துப் போகும் வரை அந்தக் கேள்வி முடிந்ததாகக் கணக்கில்லை.

பழைய கேள்வி ஒன்றை எப்படி மென்றோம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நினைவகத்தில் இடம் குறைவாக இருக்கும்போது புதிய பக்கம் ஒன்றைக் கொண்டுவர, இருப்பதில் ஒன்றை வெளியேற்ற வேண்டும். முதலில் வந்ததை முதலில் வெளியேற்றுவது ஃபைஃபோ முறை. தேடிய பக்கம் நினைவகத்தில் இல்லாவிட்டால் அது ஒரு பேஜ் ஃபால்ட். இடத்தை, அதாவது ஃபிரேம்களை, கூட்டினால் ஃபால்ட் எப்போதும் குறையுமா என்பது கேள்வி.

"கூட்டுனா குறையத்தானடா செய்யும்? இதெல்லாம் ஒரு கேள்வியா மாப்ள?" என்றான் நண்பன்.

"அப்ப எதுக்குடா காரணம் கூறுன்னு கேக்குறான்? போட்டுப் பாப்பம்."

அடுத்த சில நாட்கள் வரிசை மாற்றி வரிசை எழுதிப் பார்த்தோம். எதைப் போட்டாலும் ஃபால்ட் குறைந்தது, அல்லது அப்படியே நின்றது. பிறகு நூலகத்தில் கால்வினைப் புரட்டியபோது அந்தப் புகழ்பெற்ற வரிசை கிடைத்தது: 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5. மூன்று ஃபிரேமில் போட்டால் 9 ஃபால்ட். நான்கு ஃபிரேமில் போட்டால் 10. இடம் கூடுகிறது, ஃபால்ட்டும் கூடுகிறது! ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த லாஸ்லோ பெலாடியும் அவருடைய சகாக்களும் 1969-ல் எழுதிக் காட்டிய விந்தை இது. இன்றும் பெலாடி முரண் என்றே பெயர்.

புத்தகத்தில் அதைப் பார்த்த மாத்திரத்தில் வேலை முடிந்துவிடவில்லை. ஃபைஃபோவில் நடப்பது எல்.ஆர்.யு. முறையில், அதாவது நெடுநேரம் தொடாததை வெளியேற்றும் முறையில், ஏன் நடப்பதில்லை என்று நண்பன் அடுத்த கேள்வியைக் கிளப்பினான். அதற்கு ஒரு சாயங்காலம் முழுக்கச் செலவானது. எல்.ஆர்.யு.வில் மூன்று ஃபிரேமில் இருப்பவை கடைசியாகத் தொட்ட மூன்று பக்கங்கள். நான்கு ஃபிரேமில் இருப்பவை கடைசியாகத் தொட்ட நான்கு பக்கங்கள். முதலாவது எப்போதும் இரண்டாவதற்குள் அடங்கும். அப்படியானால் மூன்று ஃபிரேமில் கிடைத்த பக்கம் நான்கு ஃபிரேமில் கிடைக்காமல் போக வழியே இல்லை. ஃபைஃபோவில் இந்த அடக்கம் உடைந்துவிடுகிறது, அதனால் முரண் பிறக்கிறது. இந்த நான்கு வரிக் காரணத்தைக் கண்டடைந்த சாயங்காலம் எனக்குக் கொடுத்த நிறைவைப் பின்னால் வாங்கிய எந்தத் தேர்வு மதிப்பெண்ணும் கொடுத்ததில்லை. தேர்வு அறையில் இரண்டே நிமிடத்தில் விடை சொல்லும் வேகமும் அந்த நிதானத்தில்தான் பிறந்தது. காரணம் தெரிந்தவனுக்குக் கேள்வி எந்த உருவில் வந்தாலும் புதிதில்லை.

இன்று விருதுநகர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருந்து என் அக்கா மகள் அதே தேர்வுக்குப் படிக்கிறாள். இவளிடம் இல்லாதது என்ன? பல ஆண்டுகளின் வினாத்தாள்கள் செல்பேசியில். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே தீர்வு, தீர்வுக்குக் கீழே விளக்கக் காணொளி. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தின் விரிவுரைகள், காசில்லாமல். சென்னை ஐ.ஐ.டி. வகுப்பறையில் கற்பிக்கும் பேராசிரியர் அவள் வீட்டுத் திண்ணைக்கே வந்து பாடம் சொல்கிறார். தேர்வு முடிந்த சில நாட்களில் அதிகாரப்பூர்வ விடைக்குறிப்பு வெளியாகிறது. அதில் பிழை இருந்தால் கட்டணம் கட்டி ஆட்சேபமும் சொல்லலாம். எங்கள் காலத்தில் ஒரு நல்ல சீனியர் அமைவதைப் பொறுத்திருந்த வாய்ப்பு இன்று எந்த ஊர்ப் பிள்ளைக்கும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. இதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. புத்தகம் கிடைக்காததால் பாதியில் விட்டவர்களை என் வகுப்பிலேயே பார்த்தவன் நான். பஞ்சத்தைப் போற்ற என்னால் முடியாது.

தேர்வும் மாறியிருக்கிறது. ஐ.ஐ.எஸ்சி.யும் ஏழு ஐ.ஐ.டி.க்களும் முறைவைத்து நடத்தும் இந்தத் தேர்வு 2014-ல் எல்லாத் தாள்களுக்கும் கணினித் திரைக்கு வந்தது. இப்போது 65 கேள்வி, 100 மதிப்பெண், அதில் 15 பொதுத்திறனுக்கு. ஒற்றை விடைக் கேள்விகளில் தவறினால் கழிவு உண்டு: ஒரு மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கு, இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் இரண்டு பங்கு. இவற்றோடு விருப்பத்தேர்வே இல்லாமல், காலிப் பெட்டியில் எண்ணை நிரப்பச் சொல்லும் கேள்விகள் இருக்கின்றன. 2021-ல் இன்னொரு வகை சேர்ந்தது. நான்கு விருப்பங்களில் ஒன்று சரியாக இருக்கலாம், மூன்று இருக்கலாம், நான்குமே இருக்கலாம். சரியானவை அத்தனையையும் பிடித்தால்தான் மதிப்பெண், பாதி பிடித்ததற்குப் பாதி மதிப்பெண் கிடையாது.

இந்த இரு வகைகளையும் சற்று நின்று பார்க்கவேண்டும். காலிப் பெட்டிக்கு முன்னால், தவறானவற்றைக் கழித்துக் கழித்து மீந்ததைக் குறிக்கும் தந்திரம் செல்லாது. பலவிடைக் கேள்வியில் 'ஒன்று கிடைத்துவிட்டது, போதும்' என்று நகர முடியாது. நான்கு கூற்றுகளில் ஒவ்வொன்றுக்கும் நிரூபணமோ எதிர்க்காட்டோ மனத்தில் ஓடவேண்டும். கூர்ந்து பார்த்தால் 'நிரூபி', 'காரணம் கூறு' என்ற பழைய ஐந்து மதிப்பெண் கேள்விதான் இந்தப் புது உடையில் திரும்பி வந்திருக்கிறது. அன்று தேர்வு வட்டத்துக்குச் சுருங்கியபோது எங்கள் பயிற்சி விரிந்து கிடந்தது. இன்று தேர்வு மறுபடி விரிகிறது. பயிற்சியோ விரலால் தொட்டு விடை பார்ப்பதாகச் சுருங்கிக்கொண்டிருக்கிறது. என் கவலை இதுதான்.

போன விடுமுறையில் அக்கா மகளின் திரையில் ஒரு கேள்வி நின்றது. இரும எண்ணாக எழுதியதை இலக்கம் இலக்கமாகப் படித்து, 6-ஆல் மீதியின்றி வகுபடும் எண்களை மட்டும் ஏற்கும் ஆட்டோமேட்டா என்ற கற்பனை எந்திரத்துக்குக் குறைந்தது எத்தனை ஸ்டேட், அதாவது நிலை, வேண்டும்? கண்ணிமைக்கும் நேரத்தில் 4 என்று பெட்டியை நிரப்பினாள். விடை சரி.

"எப்படிம்மா அவ்வளவு சீக்கிரம்?"

"ஷார்ட்கட் இருக்கு மாமா. ஆறுல ஒற்றைப்படைக் காரணி மூணு, ரெண்டோட அடுக்கு ஒண்ணு. மூணும் ஒண்ணும் நாலு."

"சரி, அடுத்து ஒண்ணு கேக்குறேன். இரும எண்ணுக்குப் பதிலா மூன்றடிமான எண். அதே ஆறு. எத்தனை?"

"அப்பவும் நாலுதான் மாமா, ஆறு மாறலியே?"

"வரைஞ்சு பாரேன்."

நோட்டை எடுத்து மீதி 0 முதல் 5 வரை ஆறு வட்டம் போட்டாள். முதலில் இரும எண்ணுக்கே போட்டாள். மீதி 1-லிருந்து 0 படித்தால் 2-க்கும், 1 படித்தால் 3-க்கும் போகிறது. மீதி 4-ம் அதே இரண்டு இடங்களுக்குத்தான் போகிறது. அப்படியானால் இரண்டும் ஒன்றே. 2-ம் 5-ம் அதுபோலவே இணைந்தன. 0-ம் 3-ம் ஒரே இடங்களுக்குப் போனாலும் ஒன்று ஏற்கப்படும் நிலை, மற்றது இல்லை என்பதால் தனித்தனியே நின்றன. மொத்தம் நான்கு. பிறகு மூன்றடிமானத்துக்குப் போட்டாள். 1, 3, 5 மூன்றும் ஒன்றாயின, 2-ம் 4-ம் ஒன்றாயின, 0 தனி. மூன்றே ஸ்டேட்.

"மாமா, அப்ப ஷார்ட்கட் தப்பா?" என்றாள்.

"தப்பில்லம்மா. அது இரும எண்ணுக்கு மட்டும் பிறந்தது. எங்க பிறந்துச்சுன்னு தெரிஞ்சா நீயே மூணுக்கும் ஒண்ணு செஞ்சிக்கலாம்."

செய்தாள். ஆறில் மூன்றை நீக்கினால் மிஞ்சும் காரணி இரண்டு, மூன்றின் அடுக்கு ஒன்று, ஆக மூன்று என்று சொல்லிவிட்டு, இதே வழி எல்லா அடிமானத்துக்கும் பொருந்துமா, பத்தடிமானத்தில் இரண்டும் ஐந்தும் கலந்து வந்தால் என்ன ஆகும் என்று அவளே கேட்கத் தொடங்கினாள். நான் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், பேசியது குறைவு. ஒரே கேள்வியில் இருந்து ஐந்தாறு கேள்விகளை அவள் கிளப்பினாள். கணினி அறிவியலுக்குத் தேவையான மனம் அதுதான். மேற்படிப்புக்குப் போனால் ஆய்வுக்கூடத்தில் யாரும் நான்கு விருப்பங்கள் தரப்போவதில்லை, விடைக்குறிப்பும் வெளியிடப்போவதில்லை.

நேரம் வைத்து எழுதும் மாக் டெஸ்ட் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 180 நிமிடத்தில் 65 கேள்விகளைப் பங்கிடுவது, எதைத் தள்ளிவைப்பது, கழிவுள்ள கேள்வியில் எப்போது கை வைப்பது, திரையில் இருக்கும் கால்குலேட்டரோடு பழகுவது எல்லாம் பழக்கத்தால் வருபவை. ஆனால் அது நவம்பர், டிசம்பர், ஜனவரியின் வேலை. அதற்கு முந்தைய மாதங்கள் கேள்வியோடு குடியிருக்கும் மாதங்களாக இருக்கவேண்டும்.

என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது. தீர்வை மூடிவைத்துவிட்டு நோட்டில் முழுக்காரணத்தையும் எழுதுங்கள். விடை சரியென்று தெரிந்த பிறகும், மற்ற மூன்று விருப்பங்களும் எதனால் தவறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். பிறகு கேள்வியில் ஓர் எண்ணை, ஒரு நிபந்தனையை மாற்றிப் போடுங்கள், ஃபைஃபோவை எல்.ஆர்.யு. ஆக்குங்கள், இருமத்தை மும்மம் ஆக்குங்கள். கடைசியாக, எழுதியதை இன்னொருவரிடம் சொல்லி, ஓட்டை தேடச் சொல்லுங்கள். நாளுக்கு ஒரு கேள்வியை இப்படித் திறந்தால் போதும். மீதி நேரத்தில் வேண்டுமளவு வேகப் பயிற்சி செய்யலாம்.

இதில் கடைசிப் படிதான் இன்றைய பிள்ளைகளுக்குக் கிடைக்க அரியது. காணொளி பேசும், கேட்காது. உங்கள் வாதத்தில் ஓட்டை தேட எதிரே ஓர் ஆள் வேண்டும். ஆகவே கல்லூரிகளை நடத்துபவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. புதிதாகப் பயிற்சி மையம் கட்டவேண்டாம், பணம் கட்டி வெளியாட்களை வரவழைக்கவும் வேண்டாம். கடைசி ஆண்டுப் பிள்ளைகள் கூடிப் பேச சாயங்காலத்தில் ஒரு வகுப்பறையைத் திறந்து விடுங்கள். விளக்கை எட்டு மணிவரை அணைக்காதீர்கள். கார்மெனையும் கால்வினையும் அந்த அறையின் அலமாரியிலேயே வையுங்கள். சுண்ணக்கட்டி தீர்ந்தால் கேட்காமலே கொடுங்கள். செல்பேசி தரும் ஆயிரம் கேள்விகளும் அந்த அறைக்குள் வந்தால், எங்கள் தலைமுறைக்கு வாய்த்ததைவிட நல்ல படிப்பு இந்தத் தலைமுறைக்கு வாய்க்கும்.