சாய்தளம் மூன்று வகைப்படும்

உள்ளடக்கிய பள்ளியில் பிளஸ் டூ முடித்துப் போகும் மாணவர் பிரிவுபசார விழாவில் ஆற்றும் உரைக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. தாளாளருக்கு நன்றி, ஆசிரியர்களுக்கு நன்றி, பெற்றோருக்கு நன்றி. மூன்றாம் நன்றியில் குரல் தழுதழுக்க வேண்டும். அடுத்து, 'இப்பள்ளி எனக்குக் கற்றுத்தந்தது' என்ற பகுதி. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆனால் சக்கர நாற்காலியில் வரும் பேச்சாளர் முதலில் மேடையேறியாக வேண்டும் என்பதால், சாய்தளம் பற்றிச் சிறிது.

சாய்தளம் மூன்று வகைப்படும்: சட்டச் சாய்தளம், வாசல் சாய்தளம், மேடைச் சாய்தளம்.

சட்டச் சாய்தளம் தாளில் இருப்பது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது அதன் கணக்கு. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகள், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 ஆயின. வகைகள் மும்மடங்கு ஆனபின்பும் சாய்தளம் மட்டும் அதே ஒன்றாகவே நிற்கும் பள்ளிகள் உண்டு.

அந்த ஒன்றுதான் வாசல் சாய்தளம். சேர்க்கை விளம்பரத்தில் படமாக வருவது. இது தெருவிலிருந்து அலுவலக அறை வரை செல்லும்; வகுப்பறைக்குச் செல்லாது. கட்டணம் செலுத்த வருபவருக்கு எந்தத் தடையும் இருக்கலாகாது என்பது இதன் தத்துவம். சரிவு, பூங்காவில் உள்ள சறுக்குமரத்தை ஒத்தது. கீழே வருவதற்கு யார் உதவியும் தேவைப்படாது, நிற்பதற்குத்தான் தேவைப்படும். இருபுறமும் பூந்தொட்டிகள், நடுவிலும் ஒன்று. எஞ்சிய இடத்தில் ஆசிரியர்களின் ஸ்கூட்டர்கள். டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாளன்று ஸ்கூட்டர்கள் அகற்றப்பட்டுக் கோலம் போடப்படும். கோலத்தின் மேல் சக்கரம் ஏறிவிடக் கூடாது என்பதற்காக அன்று கயிறும் கட்டப்படும். நான்காம் தேதி ஸ்கூட்டர்கள் திரும்பிவிடும்.

மேடைச் சாய்தளம் என்பது கிடையாது. கிடையாததை வகையில் சேர்க்கலாமா எனில், கட்டட வரைபடத்தில் இருப்பதால் சேர்க்கலாம். மூன்றடி மேடைக்கு 36 அடி நீளம் வேண்டும். அவ்வளவு இடத்தையும் கொடுத்துவிட்டால் முன்வரிசைச் சோபாக்களை எங்கே போடுவது? ஆகவே நான்கு பையன்கள் பேச்சாளரை நாற்காலியோடு தூக்குவது மரபு. சென்ற வாரம் நடந்த ஒரு விழாவிலும் அப்படியே தூக்கினார்கள். அரங்கம் கைதட்டியது. விழாக்களில் கைதட்டியே பழகிய இக்கட்டுரையாளரின் கைகளும் தாமாகச் சேர்ந்துகொண்டன. தூக்கப்பட்டவர் மட்டும் தட்டவில்லை. அவருடைய இரண்டு கைகளும் நாற்காலியை இறுகப் பிடித்திருந்தன. பதினேழு வயதில் ஊரறியத் தூக்கிச் செல்லப்பட யாருக்குத்தான் பிடிக்கும்?

மேடையேறியாயிற்று. இனி உரை என்று நினைப்பது அனுபவமின்மை. பொன்னாடைகள் முடிந்ததும் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடிப்பார். தன்னம்பிக்கை என்றால் என்ன என்று, அருகில் உட்கார்ந்திருக்கும் மாணவரைச் சுட்டிக்காட்டி, அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் விளக்குவார். மாணவருக்குப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தரப்படுவதையும் ஏதோ தாமே கொடுத்ததுபோல் குறிப்பிடுவார்.

மாணவரின் உரையோ விழாவுக்கு முன்பே தமிழாசிரியரின் சிவப்பு மையைக் கண்டுவிட்டது. முதல் வரைவில் இருந்தவை வேறு. நாற்காலியைத் தள்ளுபவருக்கும் லிஃப்டில் இடம் உண்டு என்பதால், தள்ளுவதற்கு முறை வைத்து அடிதடி நடந்தது. காது கேளாத நண்பனிடம் சைகை மொழியை வகுப்பே ஆர்வமாகக் கற்றது. விளைவாக, ஒரு மதிப்பெண் வினாக்களுக்கான விடைகள் கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சு வரை ஓசையின்றிப் பயணம் செய்தன. ஒருநாள் மொத்த வகுப்பையும் பெஞ்சின்மேல் ஏறி நிற்கச் சொன்ன ஆசிரியர், இவரைப் பார்த்ததும் தயங்கி விட்டுவிட்டார். நண்பர்களுக்குப் பொறுக்கவில்லை. 'இவன்தான் சார் முதலில் சிரித்தது' என்று முறையிட்டு, ஐம்பது முறை இம்போசிஷன் வாங்கிக் கொடுத்தார்கள். பள்ளி தன்னை முழுதாகச் சேர்த்துக்கொண்ட நாள் அதுதான் என்று எழுதியிருந்தார் மாணவர். அதன் ஓரத்தில் ஆசிரியர் போட்டிருந்த குறிப்பு: 'தேவையற்றது. திருக்குறள் ஒன்று சேர்க்கவும்.'

விருந்தினர் நீட்டியதில், பள்ளிப் பேருந்துகள் கிளம்பும் நேரம் வந்துவிட்டது. குறளும் போயிற்று. மாணவர் மூன்று நன்றிகளைச் சொன்னார்; மூன்றாவதில் குரல் தழுதழுக்கவில்லை. நாட்டுப்பண்ணுக்குப் பின், முதல் மாடியில் காபியும் சமோசாவும் இருப்பதாக அறிவித்தார்கள். லிஃப்ட் சாவி உடற்கல்வி ஆசிரியரிடம் இருந்தது. அவர் பேருந்துகளை அனுப்பப் போயிருந்தார்.